ஆள் மாற்றித் தர மாட்டோம்

"படுத்த படுக்கையாகக் கிடக்கிற மனிதர். வலியில் நாலு வார்த்தை பேசத்தான் செய்வார். அதைப் போய்ப் பெரிதுபடுத்தலாமா? வேறு சிஸ்டரை அனுப்பிவிட்டால் விஷயம் முடிந்தது." மருத்துவமனையில் வேலை பார்த்த எவரும் இந்தப் பேச்சைக் கேட்காமல் ஓய்வு பெற்றிருக்க முடியாது. ஒரு செவிலியரின் சாதியைத் தெரிந்துகொண்டு 'இந்தப் பொண்ணு வேண்டாம்' என்று நோயாளி சொல்லும்போதும், ஒரு டாக்டரின் ஹிஜாபைப் பார்த்து முகம் சுளிக்கும்போதும், மணிப்பூரிலிருந்து வந்து இங்கே உழைக்கும் நர்ஸைச் 'சீனாக்காரி' என்று கூப்பிடும்போதும் நிர்வாகம் எடுத்து நீட்டுவது இந்த ஒரே மருந்தைத்தான். சொல்பவர்களில் பலர் நல்லவர்கள். நோயாளியின் நலனைத்தான் நினைக்கிறோம் என்று மனதார நம்புகிறவர்கள். அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இந்த வாதத்தின் எந்தப் பகுதியோடும் உடன்பாடில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் வலி. வலியில் கத்துகிறவர்களை நாங்கள் பார்க்காததா? பிரசவ வார்டில் கேட்காத வசவா? தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது திட்டாத வாயா? அந்தத் திட்டு கட்டுப் போடுகிற கையைத் திட்டும். அது யாருடைய கை என்று பார்க்காது. கட்டு முடிந்ததும் "மனசுல வச்சுக்காதீங்க சிஸ்டர்" என்பார்கள். நாங்களும் வைத்துக்கொண்டதில்லை. சாதி பார்க்கிறவர் அப்படிக் கத்துவதே இல்லை. அவர் விசாரிக்கிறார்.

தென்மாவட்டத்து மருத்துவமனை ஒன்றில், ஆண்கள் அறுவைசிகிச்சை வார்டில் நடந்தது இது. குடலிறக்க ஆபரேஷன் முடிந்து மறுநாள் படுத்திருந்த பெரியவர். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு பெண், கையில் டிரிப்ஸ் ஏற்றும் வென்ஃப்ளான் ஊசி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "எந்த ஊரு தாயி?" என்றார். சொன்னாள். "அட, நம்ம பக்கம்தான். ஊருக்குள்ள எந்தத் தெரு?" சொல்லத் தயங்கினாள். "பஸ் ஸ்டாண்டுக்கு இந்தப் பக்கமா, கம்மாய்க்கு அந்தப் பக்கமா? யாரு மக நீ?" குரலில் ஒரு பதற்றமும் கிடையாது. முகத்தில் வலியின் சுவடு கிடையாது. பதில் வந்த பிறகு 'தாயி' போய் 'ஏ புள்ள' வந்தது. அவள் கொடுத்த மாத்திரையை வாங்கி வாயில் போடாமல் லாக்கர் மேல் வைத்தார். மகன் வந்ததும் அவரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். மகன் நேராகத் தலைமைச் செவிலியரிடம் போய் நின்றார்.

இதில் வலி எங்கே இருக்கிறது? இன்னொன்றையும் கவனியுங்கள். ஆளை மாற்றச் சொல்லி வந்து நின்றவர் மகன். அவருக்கு ஆபரேஷன் நடக்கவில்லை. இப்படிப்பட்ட கோரிக்கைகளைச் சுமந்துகொண்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் கூட இருப்பவர்கள்தான். 2023 மே மாதம் நாகப்பட்டினம் மாவட்டம் திருப்பூண்டி அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப் பணியில் இருந்த பெண் மருத்துவரிடம், ஏன் ஹிஜாப் போட்டிருக்கிறாய், சீருடை எங்கே என்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டே கேட்டவர் ஓர் அரசியல் கட்சிக்காரர். நோயாளியை அழைத்துக்கொண்டு வந்தவர். நெஞ்சுவலி என்று வந்தவரைக் கவனிக்க வேண்டிய நேரத்தை அந்த மருத்துவர் தன் உடைக்குப் பதில் சொல்வதில் செலவழிக்க நேர்ந்தது. அதற்குப் பிறகு அந்த நபர் மீது வழக்குப் பதிவானது. வலியைக் காரணம் சொல்கிறவர்கள் இந்தச் சம்பவத்தில் யாருடைய வலியைக் காட்டுவார்கள்?

இரண்டாவது வாதம், ஆளை மாற்றுவதால் யாருக்கும் நஷ்டமில்லை என்பது. அந்தப் பெரியவர் வார்டில் என்ன ஆயிற்று என்று பாருங்கள். அந்தப் பெண்ணை அன்றைக்கே புறநோயாளிகள் பிரிவில் கட்டுப்போடும் அறைக்கு அனுப்பினார்கள். பக்கத்து வார்டு சிஸ்டர் இரண்டு வார்டையும் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. யாருக்கு டிரிப்ஸ் முடியப் போகிறது, யாருக்குச் சிறுநீர் இன்னும் இறங்கவில்லை, எந்தக் கட்டிலில் காய்ச்சல் ஏறிக்கொண்டிருக்கிறது என்று காலையிலிருந்து பார்த்து வைத்திருந்தவள் அவள். வாய்மொழியாக அவசர அவசரமாகச் சொல்லிவிட்டுப் போகும்போது அதில் பாதி நழுவிப் போகும். இரவு பத்து மணிக்குப் போட வேண்டிய ஆன்டிபயாடிக் அன்று தாமதமாகத்தான் போடப்பட்டது. அந்தப் பெரியவருக்கு மட்டுமல்ல, வார்டு முழுவதுக்கும். ஒருவருடைய சாதிப் பெருமைக்கான கட்டணத்தை அடுத்த கட்டிலில் கிடக்கிறவரிடமும் வசூலிக்கிற ஏற்பாடு இது.

அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததை எந்த ஏட்டிலும் எழுதவில்லை. அவள் என்ன தப்புச் செய்து இடம் மாற்றப்பட்டாள் என்று சக ஊழியர்கள் கேட்டார்கள். அவளால் சொல்ல முடியவில்லை. சொன்னால் தன் சாதியைத் தானே அறிவித்ததாகிவிடும். நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஒரு வரி இருந்தது: நோயாளி ஒத்துழைக்கவில்லை. அவ்வளவுதான். தண்டனை பெற்றவள் அவள். குற்றம் செய்தவருக்குப் பதிவேடே கிடையாது.

இதைச் செய்தது யார்? பெரியவர் ஆசைப்பட்டார், உண்மைதான். ஆனால் டியூட்டி சார்ட்டில் கை வைக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. நிர்வாகம்தான் அவருடைய ஆசையை உத்தரவாக மாற்றியது. தீண்டாமையை ஒழித்த 17ஆவது பிரிவு 1950ல் நடைமுறைக்கு வந்த ஒரு நாட்டில், அரசுச் சம்பளம் வாங்குகிற ஒரு ஊழியரை அவர் சாதியைக் காரணம் காட்டி ஒரு கட்டிலின் பக்கம் போகாதே என்று அரசு நிறுவனமே தடுப்பது என்றால் அதற்கு என்ன பெயர்? 'அட்ஜஸ்ட்மென்ட்' என்று சொல்லிக்கொள்கிறோம்.

இந்த வெறுப்பு எந்த இடத்தில் விழித்துக்கொள்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அதே நோயாளியின் பெட்பேனை எடுத்துக் கழுவ வருகிற ஆயாம்மாவின் தெருவை யாரும் விசாரிப்பதில்லை. வார்டைத் துடைக்க வருகிறவர் எந்தச் சாதி என்று அவர்களுக்குக் கேட்காமலே தெரியும், அதில் ஒரு சங்கடமும் இல்லை. அதே தெருவிலிருந்து ஒரு பெண் படித்து, வெள்ளைச் சீருடை போட்டு, மாத்திரையும் தண்ணீரும் கொடுக்க வந்தால்தான் தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. சுத்தம், பழக்கம், வயதானவர் என்றெல்லாம் சமாதானம் சொல்கிறவர்கள் இதற்கு விளக்கம் சொல்லட்டும். அவர்களை உறுத்துவது அவள் நிற்கும் உயரம். ஆளை மாற்றிக் கொடுக்கிற நிர்வாகம், அந்த உயரத்திலிருந்து இறங்கிக்கொள் என்று அவளிடம் சொல்கிறது.

டாக்டர்கள் விஷயத்தில் இது வேறு வேடம் போடும். "கோட்டாவில் வந்தவரா? பெரிய டாக்டரைப் பார்க்க முடியுமா?" தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் சேர்ந்திருக்கிறது. படிப்பைப் பொறுத்தவரை இவையெல்லாம் கல்லூரிக் கதவு வரைக்கும்தான். எம்.பி.பி.எஸ். தேர்வில் தேறுவதற்கு எல்லாருக்கும் ஒரே ஐம்பது சதவீதம்தான். பிரேதப் பரிசோதனை மேசையும் ஒன்று, பயிற்சி மருத்துவராகக் கண் விழிக்கும் இரவுகளும் ஒன்று, கையில் வாங்கும் பதிவு எண்ணும் ஒன்று. பல லட்சம் கொட்டி நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கியவரிடம் எந்த நோயாளியும் 'நீங்கள் எந்தக் கோட்டா' என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் ஃபிளின்ட் நகரில் 2012ல், தன் பச்சிளங்குழந்தையைக் கறுப்பின நர்ஸ் தொடக்கூடாது என்று ஒரு தகப்பன் சொன்னான். மருத்துவமனை அதை ஒரு குறிப்பாக எழுதிப் பணி ஒதுக்கீட்டு அட்டையில் ஒட்டியது. அந்த நர்ஸ் வழக்குப் போட, அடுத்த ஆண்டு மருத்துவமனை பணம் கொடுத்துச் சமரசத்துக்கு வந்தது. அதற்கு முன்பே, இந்தியானா மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றின் வழக்கில் 2010ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: அங்கே தங்கியிருப்பவரின் நிறவெறியை நிறைவேற்றித் தருவது சட்டவிரோதம், அவருடைய விருப்பம் என்று முதலாளி தப்பிக்க முடியாது. அந்த இல்லத்திலும் நாள்தோறும் கொடுக்கும் பணித்தாளில், இன்னாருக்குக் கறுப்பினப் பணியாளர் வேண்டாம் என்று எழுதியே வைத்திருந்தார்கள். எழுதி வைத்ததால் அவர்கள் அகப்பட்டார்கள். நாம் எதையும் எழுதுவதில்லை. காதோடு சொல்லி முடித்துவிடுகிறோம். அதனால்தான் இங்கே வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை, இப்படி ஒன்று நடப்பதே இல்லை என்று மேடையில் பேசவும் முடிகிறது.

நம் மாநிலத்திலேயே சத்துணவுக் கூடங்கள் இந்தப் பாடத்தைப் படித்து முடித்துவிட்டன. 2018 ஜூலையில் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் பட்டியல் சாதிப் பெண் சமைக்கக்கூடாது என்று ஊரில் ஒரு கூட்டம் கிளம்பியது. அதிகாரி செய்தது நமக்குப் பழக்கமான அதே அட்ஜஸ்ட்மென்ட்தான்: அந்தப் பெண்ணுக்கு இடமாற்ற உத்தரவு. எதிர்ப்புக் கிளம்பி உத்தரவு ரத்தாகி, தடுத்தவர்கள் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூர் பள்ளியில் காலை உணவுத் திட்டத்தில் இதே சிக்கல் வந்தபோது மாவட்ட ஆட்சியர் நேரில் போனார். பட்டியல் சாதிப் பெண் சமைத்ததைச் சாப்பிட்டார். மறுத்தால் சட்டம் பாயும் என்று பெற்றோரிடம் சொன்னார். சமையல்காரரை மாற்றவில்லை. பிள்ளைகளின் வயிறு காயுமே, அனுசரித்துப் போகலாமே என்று அங்கேயும் சொல்லியிருக்கலாம். சோற்றுக் கரண்டிக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு ஊசி பிடிக்கும் கைக்கு ஏன் கிடைக்கவில்லை?

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதைத் தாண்டிப் போவது நியாயமில்லை. திண்டிவனத்தில் 1890களில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியைக் காப்பாற்ற அமெரிக்க மிஷனரி குடும்பத்துப் பெண்ணான ஐடா ஸ்கடரை அழைத்ததும், டாக்டராக இருந்த அவருடைய அப்பா வருவார் என்றபோது ஆண் வேண்டாம் என்று திரும்பிப் போனதும், மூன்று பெண்களும் இறந்ததும் பலர் அறிந்த கதை. அந்த இரவுதான் அவரை மருத்துவம் படிக்க வைத்தது. 1900ல் வேலூரில் சிகிச்சை தொடங்கி, 1909ல் செவிலியர் பள்ளியும் 1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் ஆரம்பித்தார். நோயாளியின் விருப்பத்துக்கு வளைந்து கொடுத்ததால்தானே இவ்வளவும் நடந்தது, இன்றைக்கும் பெண் நோயாளி பெண் டாக்டரைக் கேட்டால் கொடுக்கத்தானே செய்கிறோம் என்று கேட்பார்கள்.

கொடுக்க வேண்டும். ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடன் இருப்பது நோயாளியின் உரிமை என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2018ல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனமே சொல்கிறது. உள்பரிசோதனைக்குக் கூசுகிற பெண்ணும், வன்புணர்வுக்கு ஆளாகி வந்த பெண்ணும், ஆண் செவிலியர் சிறுநீர்க் குழாய் போட்டால் தேவலை என்கிற ஆணும் தங்கள் உடலைப் பற்றிப் பேசுகிறார்கள். எதிரில் நிற்பவர் தாழ்ந்தவர் என்று சொல்லவில்லை. சாதி கேட்கிறவர் எதிரில் நிற்பவரின் பிறப்பைப் பற்றிப் பேசுகிறார். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. ஐடா ஸ்கடர் செய்ததும், அடைத்திருந்த ஒரு தொழிலின் கதவைப் பெண்களுக்குத் திறந்துவிட்டது. சாதி பார்த்து ஆளை மாற்றுவது திறந்த கதவை மறுபடி சாத்துவது. அதே சாசனத்தில் நோயாளியின் கடமைகளும் உண்டு என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மருத்துவரையும் மற்ற ஊழியர்களையும் மனிதர்களாகவும் தொழில் தெரிந்தவர்களாகவும் மதிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

மொழி விஷயத்திலும் இந்தக் குழப்பம் நடக்கிறது. எனக்குப் புரிகிற மொழியில் சொல்லுங்கள் என்று நோயாளி கேட்பது உரிமை. டெல்லி ஜி.பி. பந்த் மருத்துவமனையில் 2021 ஜூனில், புகார் வந்ததைக் காரணம் காட்டி, செவிலியர்கள் பணியிடத்தில் மலையாளமே பேசக்கூடாது, இந்தியும் ஆங்கிலமும்தான், மீறினால் கடும் நடவடிக்கை என்று சுற்றறிக்கை விட்டார்கள். எதிர்ப்புக்குப் பயந்து மறுநாளே அதைத் திரும்பப் பெற்றார்கள். நோயாளியின் நியாயமான தேவையை ஊழியரை மட்டம் தட்டும் சாட்டையாக நிர்வாகங்கள் எவ்வளவு சுலபமாக மாற்றிவிடுகின்றன என்பதற்கு அது சாட்சி.

சட்டத்தில் இடமில்லை என்பது கடைசிப் புகலிடம். மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்க 2008ல் தமிழ்நாடு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அது அடி உதைக்கும் சொத்துச் சேதத்துக்குமான சட்டம். லாக்கர் மேல் வைக்கப்பட்ட மாத்திரையை அது பார்க்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பட்டியல் சாதி, பழங்குடி ஊழியரைப் பொதுப் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நாற்பது கட்டில் உள்ள வார்டு பொதுப் பார்வை இல்லாமல் வேறென்ன? பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, பணியிடத்துக்கு வந்துபோகும் வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்புத் தருவது முதலாளியின் கடமை என்கிறது. வெளியாள் செய்யும் கொடுமைக்கும் நிர்வாகமே பொறுப்பு என்ற கொள்கையை நாடு ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. சாதிக்கும் மதத்துக்கும் அதை நீட்டிக்க ஒரு சுற்றறிக்கை போதும். மனம்தான் இல்லை.

இதற்கு நேர்மாறான ஒரு கோபமும் இருக்கிறது. சாதி பேசுகிறவனுக்கு வைத்தியமே பார்க்கக்கூடாது என்று இளம் டாக்டர்கள் சிலர் சொல்கிறார்கள். பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை 2020 ஏப்ரல் முதல், உயிருக்கு ஆபத்தில்லாத நிலையில் இருக்கும் நோயாளி நிறவெறியோடு நடந்தால் சிகிச்சையை மறுக்கலாம் என்று விதி செய்தது. இங்கே தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட்டில் வெளியிட்ட நடத்தை விதிகளும் வசைபாடி வன்முறையில் இறங்குபவர்களுக்குச் சிகிச்சை மறுக்கலாம் என்றன. அந்த விதிகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டன. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அரசு மருத்துவமனையை விட்டால் போக இடமில்லாத நோயாளிகள் நிறைந்த ஊரில் மறுப்பது முதல் ஆயுதமாக இருக்கக்கூடாது. அவசர சிகிச்சையை எக்காரணம் கொண்டும் மறுக்க முடியாது என்று 1989ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது எல்லாருக்கும் பொருந்தும். சித்தம் கலங்கிய முதியவரும், காய்ச்சலில் பிதற்றுகிறவரும் பேசுவதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே கூடாது. நான் கேட்பது இதைவிடச் சின்ன விஷயம். சிகிச்சை உண்டு, ஆள் மாற்றம் கிடையாது.

இது நடக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். வேறொரு மருத்துவமனையில், தையல் போட்ட இடத்தைச் சுத்தம் செய்ய வந்த சிஸ்டரை ஒரு நோயாளி இதே காரணத்துக்காக மறுத்தார். விஷயம் சர்ஜன் காதுக்குப் போயிற்று. அவர் வந்தார். சத்தம் போடவில்லை. "இங்க இவங்கதான் பார்ப்பாங்க. இந்தக் காரணத்துக்கு நாங்க ஆள் மாத்த மாட்டோம். வேண்டாம்னா எழுதிக் கொடுத்துட்டுப் போகலாம், அது உங்க உரிமை" என்றார். பிறகு டிரெஸ்ஸிங் டிரேயைத் தன் கையில் வாங்கிப் பிடித்துக்கொண்டு, "போடுங்க சிஸ்டர்" என்று பக்கத்தில் நின்றார். நோயாளி கையை நீட்டினார். பெரும்பாலானவர்கள் நீட்டிவிடுவார்கள். மாற்றித் தருவார்கள் என்ற நம்பிக்கைதான் அவர்களைக் கேட்க வைக்கிறது.

அந்த சர்ஜன் செய்ததில் முக்கியமானது, அவமதிக்கப்பட்டவளையே பதில் சொல்ல விடாமல் தான் போய் நின்றது. வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன, ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு பெண்ணால் நோயாளியோடு மல்லுக்கட்ட முடியாது. பணி மருத்துவரோ தலைமைச் செவிலியரோ கட்டிலுக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் அவளைத் தனியே கூப்பிட்டு, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். அந்த நோயாளியிடம் போக எனக்கு மனமில்லை என்று அவள் சொன்னால் அதை மதிக்க வேண்டும், அது அவள் முடிவு. நடந்ததைச் செவிலியர் குறிப்பேட்டில் உள்ளபடி எழுத வேண்டும். 'ஒத்துழைக்கவில்லை' என்று மழுப்பாமல், ஊழியரின் சாதியைக் கேட்டு மறுத்தார் என்று எழுத வேண்டும். எழுத ஆரம்பித்தால்தான் இது எத்தனை வார்டுகளில் நடக்கிறது என்பதே அரசுக்குத் தெரியவரும்.

தனியார் மருத்துவமனைகள் வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்கின்றன. அறை வாடகை போய்விடுமாம். அந்த வாடகைக்குத் தங்கள் ஊழியரின் மானத்தை ஈடு வைக்கும் உரிமையை யார் அவர்களுக்குக் கொடுத்தது?

மக்கள் நல்வாழ்வுத் துறை செய்ய வேண்டியது ஒரு பக்கச் சுற்றறிக்கை. சாதி, மதம், நிறம், பிறந்த ஊர் காரணமாக ஊழியரை மாற்றித் தர மாட்டோம் என்று அனுமதிச் சீட்டிலும் வார்டு வாசலிலும் தமிழில் அச்சடித்து வையுங்கள். மாற்றிக் கொடுக்கும் அதிகாரி பதில் சொல்ல வேண்டும் என்றும் அதில் இருக்கட்டும்.

அது வருகிற வரைக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கூட இருப்பவர்களாக மருத்துவமனைக்கு வருகிறவர்கள் நீங்கள். உங்கள் அப்பாவோ பெரியப்பாவோ மாமியாரோ சிஸ்டரின் தெருவை விசாரிக்க ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். "வேற ஆளை வரச் சொல்லு" என்று உங்களிடம் சொன்னால், அந்தச் சொல்லைத் தலைமைச் செவிலியரின் மேசை வரைக்கும் சுமந்துகொண்டு வராதீர்கள். முடியாது என்று அவரிடம் நீங்களே சொல்லுங்கள்.